மகளின் நடனப் படிப்பு: அரங்கேற்றமா, உளச்சார்புப் பரீட்சைக்கான ஆயத்தமா?

வடலி (கொக்குவில்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகளுக்கு இப்போது 16 வயது. ஆறு வயதில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் ஆசிரியையிடம் பரதநாட்டியத்தின் முதற் பாடமான தட்டடவு தொடங்கியவள், இன்றுவரை காய்ச்சல் வந்த நாட்களைத் தவிர வேறெந்தக் காரணத்துக்காகவும் வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரப் பரீட்சையில் சித்தியடைந்திருக்கிறாள். சாதாரண தரத்துக்கும் நடனத்தையே அழகியற் பாடமாக எடுத்தாள். பெறுபேறு இன்னும் வரவில்லை.

உயர்தரத்தில் கலைப்பிரிவில் நடனம் எடுத்து, பின்னர் மருதனார்மடத்தில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நடனத்துறையிலோ சென்னைக் கலாக்ஷேத்திராவிலோ நடனத்தை முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அவளுடைய தந்தைக்கு அவள் உயிரியல் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. அவர் பிடிவாதக்காரர் அல்லர்; ஆனால் "ஆடிச் சோறு தின்னலாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி வீட்டுக்குள் இன்னும் அப்படியே நிற்கிறது.

இதற்கிடையில் அவளுடைய குரு, வருகிற ஆவணியில் அரங்கேற்றத்தை வைத்துவிடலாம் என்கிறார். மண்டபம், பக்கவாத்தியக் கலைஞர்கள், உடை, நகை, அழைப்பிதழ், விருந்து, வீடியோ எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 8 இலட்சம் ரூபாய்க்குக் கீழே வரவில்லை. எங்களிடம் அந்தப் பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. அதை அரங்கேற்றத்துக்குச் செலவிட்டால் பிற்பாடு சென்னைக்கு அனுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அரங்கேற்றம் செய்யாத பிள்ளை நுழைவுத் தேர்வில் குறைவாக மதிக்கப்படுவாளா என்பதே எனக்கு முதலாவது சந்தேகம்.

இரண்டாவது, கடந்த மூன்று மாதமாக அவளுக்கு இடது முழங்காலில் நோவு. மாடிப்படி இறங்கும்போதும், முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடித்து நிற்கும் அரைமண்டியில் நெடுநேரம் நின்ற பின்னரும் கூடுகிறது. குருவிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சுகிறாள். சொன்னால் அரங்கேற்றத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று பயம். நான் நடனம் தெரிந்தவள் அல்லள். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) சரியா பிழையா என்று பார்க்கக்கூட எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒரு தாய், பிள்ளையின் பயிற்சியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மருதநிழல் எழுதியது:

அன்புள்ள வடலி அக்கா, நான் மருதனார்மடத்தில் நடனம் பயின்று வெளியேறியவள். இப்போது வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் நடன ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் முதலாவது சந்தேகத்துக்கு மறுமொழி சுருக்கமானது: பல்கலைக்கழக நடனப் படிப்புக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய வைக்கும் உளச்சார்புப் பரீட்சையில் நான் தோற்றியபோது, அரங்கேற்றம் முடிந்ததா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. என்னோடு தெரிவான தோழிகளில் அரங்கேற்றம் கண்டவர்களும் இருந்தார்கள், காணாதவர்களும் இருந்தார்கள்.

என்ன கேட்டார்கள் என்பதைச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்றாலும் அதன் போக்கு உங்களுக்குப் புரியும். முதலில் நாட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்யச் சொன்னார்கள். மூன்றாங் காலத்தில் என் விரைவைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அரைமண்டி மெல்ல மெல்ல உயர்ந்து, கடைசியில் நான் ஏறக்குறைய நின்றுகொண்டே ஆடியிருக்கிறேன். அவர்கள் கையைக் காட்டி நிறுத்தி, "முதலாங் காலத்தில் திரும்பச் செய்யுங்கள்" என்றார்கள். எனக்கு மானம் போனது போல இருந்தது. ஆனால் அந்த முதலாங் காலத்தில்தான் அவர்கள் என்னைப் பார்த்தார்கள் என்று பிறகு விளங்கியது. முதுகு நேராக நிற்கிறதா, முழங்கால் பக்கவாட்டில் விரிகிறதா, கை நீளும்போது தோள் உயராமல் இருக்கிறதா, கண் கையைத் தொடர்கிறதா என்பதெல்லாம் மெதுவான காலத்தில் ஒளிக்க முடியாதவை.

அடுத்ததாகத் தாளச் சொற்களின் கோவையான ஒரு சொற்கட்டைத் தந்து, கையால் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடறுகிற இடம் இதுதான். இன்றைக்கு அநேக வகுப்புகளில் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டு ஆட வைக்கிறார்கள். பாட்டு எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்று பிள்ளைக்கு மனப்பாடம். ஆனால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைத் தனியே எண்ணிக்கொண்டு ஆடச் சொன்னால் தடுமாறுகிறாள். கண்டசாபு, மிச்ரசாபு என்று ஐந்துக்கும் ஏழுக்கும் போனால் சொல்லவே வேண்டாம். ஆகையால் அரங்கேற்றத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வாய்ப்பாட்டும் தாளமும் சொல்லித் தரக்கூடிய ஒருவரிடம் பிள்ளையை அனுப்புங்கள். மிருதங்கம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது அபிநயம். ஒரு சந்தர்ப்பத்தைத் தந்து, பாட்டு இல்லாமல் செய்து காட்டச் சொன்னார்கள். குரு சொல்லித் தந்த பதத்தை (அபிநயத்துக்கான பாட்டை) அப்படியே பார்த்துச் செய்து பழகிய பிள்ளைக்கு இது கடினம். அபிநயதர்ப்பணம் என்ற நாட்டிய நூலில் உள்ள 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் அவற்றின் பயன்பாட்டுச் சுலோகங்களையும் பாடமாக்கியிருந்தால் மட்டும் போதாது. அந்தச் சுலோகம் என்ன சொல்கிறது என்று கேட்டால் தமிழில் விளக்கத் தெரிய வேண்டும்.

அண்ணருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் இன்றும் "இராமநாதன் அக்கடமி" என்றால், கலியாணம் ஆகும்வரை பெண்பிள்ளைகள் பாட்டும் நடனமும் பழகும் இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1960 இல் சு. நடேசபிள்ளை அவர்களின் முயற்சியால் தொடங்கிய அந்தக் கல்லூரி 1975 இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இன்று ஆற்றுகைக் கலைகளுக்கும் காண்பியக் கலைகளுக்குமான பீடமாக இருக்கிறது. அங்கே பெறுவது பல்கலைக்கழகப் பட்டம். ஆனால் பட்டம் கையில் வந்த மறுநாளே ஆசிரியர் நியமனமும் வந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் நியமனத்துக்காகச் சில ஆண்டுகள் காத்திருந்தேன். அந்த ஆண்டுகளில் வீட்டு விறாந்தையில் பதினைந்து பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன், சோறு கிடைத்தது.

உயர்தரப் பாடத்தெரிவில் மட்டும் கவனமாக இருங்கள். நடனத்துடன் எடுக்கும் மற்ற இரண்டு பாடங்களும் அவளுக்கு உண்மையாகவே நல்ல புள்ளி வரக்கூடியவையாக இருக்கட்டும். நடனத்தோடு ஒட்டியது என்பதற்காகச் சங்கீதத்தையோ நாடகத்தையோ சேர்த்து எடுத்துவிட்டு, செயன்முறைகள் எல்லாம் ஒரே காலத்தில் வந்து திணறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தமிழோ புவியியலோ உடன் இருந்தால், உளச்சார்புப் பரீட்சை சரிவராத நிலையிலும் உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியைக் கொண்டு கலைப்பீடத்துக்கு ஒரு வழி திறந்திருக்கும். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் அதை மறந்துவிடுகிறோம்.

நட்டுவாங்கம் எழுதியது:

மருதநிழல் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடு. அரங்கேற்றம் பற்றி மட்டும் சற்று மாறுபடுகிறேன். நானும் ஓர் ஆசிரியை என்பதால், தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தித் தந்த, மார்க்கம் என்ற உருப்படி வரிசையை அலாரிப்பிலிருந்து தில்லானாவரை ஒரே மாலையில் ஆடி முடிப்பது, உடலுக்கும் மனத்துக்கும் ஒரு பெரிய பயிற்சி. நடுவில் வரும் வர்ணம் அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதில் மூச்சை எங்கே சேமிப்பது, தீர்மானம் என்ற விரைவான அடவுக் கோவை முடிந்த கையோடு முகத்தில் எப்படிச் சிருங்காரத்துக்குத் திரும்புவது என்பதை வகுப்பறை கற்றுத் தராது. ஆகவே மார்க்கத்தை ஆடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வீரசிங்கம் மண்டபமும், மூன்று சோடிப் பட்டுடையும், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடும் வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதப்படவில்லை. ஒரு மிருதங்கக் கலைஞரையும் ஒரு பாடகரையும் அழைத்து, உங்கள் வீட்டு முற்றத்திலோ கோயில் மண்டபத்திலோ முப்பது பேருக்கு முன்னால் ஆட வையுங்கள். குருவுக்கு மன வருத்தம் வராமல் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். தாயும் தந்தையுமாக இருவரும் சேர்ந்து வெற்றிலை பாக்குடன் நேரில் போய், பிள்ளையின் மேற்படிப்புக்கான பணம் இது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

தூரத்து மானிப்பாய் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் மானிப்பாயில் பிறந்து, இப்போது லண்டனில் இருக்கிறேன். என் மகள் படித்தது பரதம் அன்று, பாலே. ஆகையால் இந்த உரையாடலில் நுழைய எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. ஆனால் "எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் ஒதுங்குவது" என்று நீங்கள் கேட்ட கேள்வியோடு பத்து ஆண்டுகள் வாழ்ந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே அந்தப் பாதை மிக இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது. நினெற் டி வல்வா அம்மையார் 1926 இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய றோயல் பாலே ஸ்கூல். அதன் கீழ்ப்பிரிவு றிச்மண்ட் பூங்காவுக்குள் வைற் லொட்ஜ் என்ற பழைய அரச மாளிகையில் இருக்கிறது. 11 வயதில் எடுத்து 16 வரை வைத்திருப்பார்கள். அதன்பின் கொவென்ற் கார்டனில் உள்ள மேற்பிரிவு. பேர்மிங்ஹாமில் எல்ம்ஹேர்ஸ்ற் என்ற பள்ளி இருக்கிறது. வேறு சிலவும் உண்டு. பொதுப்படிப்பும் நடனமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். கட்டணம் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது. ஆனால் தெரிவாகும் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து உதவும் அரசாங்கத் திட்டம் ஒன்று உண்டு. இந்தப் பள்ளிகளுக்குப் போகாமலே, சனிக்கிழமைகளில் மட்டும் வந்து பயிலும் இணை மாணவர் வகுப்புகளும் இருக்கின்றன. என் மகள் அப்படித்தான் தொடங்கினாள்.

பத்தரை வயதில் அவளை ஒரு பள்ளியின் தேர்வுக்குக் கூட்டிச் சென்றேன். ஒரு தனிநடனமாவது ஆட வேண்டியிருக்கும் என்று எண்ணி, நானும் அவளும் இரண்டு மாதம் ஒன்றைத் தயார் செய்திருந்தோம். அங்கே அதை ஒருவரும் கேட்கவில்லை. சட்டையில் ஓர் எண்ணைக் குத்தி, இருபது பிள்ளைகளுக்குச் சாதாரண வகுப்பு ஒன்றை நடத்தினார்கள். பிடிகம்பியில் கொஞ்ச நேரம், நடுத்தளத்தில் கொஞ்ச நேரம், பிறகு ஒரு சிறிய இசைத் துண்டைப் போட்டு விருப்பப்படி ஆடச் சொன்னார்கள். ஓர் இயன்மருத்துவர் வந்து இடுப்பு எவ்வளவு வெளிப்புறமாகத் திரும்புகிறது, பாதத்தின் வளைவு எப்படி, முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். மருதநிழல் மேலே எழுதியதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மருதனார்மடத்திலும் லண்டனிலும் தேர்வாளர்கள் ஒரே விடயத்தைத்தான் தேடுகிறார்கள்; மெருகை அவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள், அதற்குக் கீழே உள்ள மரம் எப்படிப்பட்டது என்று பார்க்கிறார்கள். ஒரு திருத்தத்தைச் சொன்னால் அடுத்த தடவையே அந்தப் பிள்ளை அதைச் செய்து பார்க்கிறதா என்பதைக் கூர்ந்து கவனித்தார்கள் என்று என் மகள் சொன்னாள்.

முடிவு மின்னஞ்சலில் வந்தது: இடமில்லை. நான் செய்த பெரிய பிழையை இங்கே சொல்லிவிடுகிறேன். தேர்வுக்குப் போகிறோம் என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ வரைக்கும் உறவினர் அனைவருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அதன்பின் ஒரு மாதம் முழுவதும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோற்றது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. தோற்றதை நான் ஒவ்வொருவருக்காக விளக்கிக்கொண்டிருந்ததுதான் தாங்க முடியவில்லை. 16 வயதில் அவள் மீண்டும் மூன்று இடங்களுக்குப் போனபோது எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஓரிடத்தில் இடம் கிடைத்தது, பண உதவி கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டு இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் சமகால நடனம் படிக்கிறாள்.

இன்னொன்று. பிள்ளையின் உடம்பைப் பற்றி யாரும் அவளுக்கு முன்னால் பேச இடங்கொடுக்காதீர்கள். "கொஞ்சம் சதை வைத்துவிட்டாய்" என்பதும், "நன்றாக மெலிந்து வடிவாகிவிட்டாய்" என்பதும் ஒரே அளவு கேடு. எங்கள் வீட்டில் ஒரு மாமி அன்பாகச் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு, என் மகள் ஆறு மாதம் இராச் சாப்பாட்டைத் தட்டிக் கழித்தாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் எடுத்தது.

சற்று விலகி ஒரு செய்தி: உங்கள் மகள் கலாக்ஷேத்திராவை நினைப்பதால் அவளுக்குச் சொல்லுங்கள். அதை 1936 இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், பரதத்துக்கு முன்னர் பாலே பழகியவர். ரஷ்ய பாலே நடனக்கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாடம் கேட்டார். உன் சொந்த நாட்டின் நடனத்தைத் தேடு என்று அவருக்குச் சொன்னவரும் பாவ்லோவாதான். என் மகள் அரைமண்டியைக் கண்டவுடன் "இது பிளியே அல்லவா" என்றாள்; பாலேயில் முழங்காலை மடித்து இறங்கும் நிலை அது. இரண்டிலும் கால் இடுப்பிலிருந்து வெளிப்புறம் திரும்புகிறது. அங்கே நிலத்தை விட்டு எழும்ப முயல்கிறார்கள், இங்கே நிலத்துக்குள் இறங்குகிறோம்.

குதிக்கால் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பணிபுரியும் இயன்மருத்துவர். சிறுவயதில் நானும் ஆடியவள். எல்லோரும் தேர்வைப் பற்றி எழுதிவிட்டீர்கள். அந்த முழங்காலை ஒருவரும் தொடவில்லை. வடலி அக்கா, உங்கள் பதிவில் எனக்கு அவசரமாகப் பட்டது அதுதான்.

படி இறங்கும்போதும் நெடுநேரம் மடித்த பின்னரும் கூடுகிற நோவு, இந்த வயதுப் பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் முழங்காற் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையில் ஏற்படும் அழுத்தத்தால் வருவது. அதைக் கைகொண்டு பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் காரணத்தை ஊகிக்கலாம். அரைமண்டியில் கால் வெளிப்புறம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். ஒவ்வொருவருடைய இடுப்பெலும்பும் அதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்கு மேலே போகச் சொல்லிப் பாதங்களை மட்டும் வலிந்து திருப்பி நிலத்தில் ஊன்றினால், மிச்சத் திருப்பத்தை முழங்கால்தான் கொடுக்க வேண்டும். அது முன்னும் பின்னும் மடியவே பிறந்த மூட்டு. நடனம் தெரியாத நீங்கள்கூட இதைப் பார்க்கலாம். அவள் அரைமண்டியில் இருக்கும்போது முன்னால் போய் நில்லுங்கள். முழங்காற் சில்லு பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே பார்க்கிறதா, அல்லது பாதம் பக்கவாட்டில் இருக்க முழங்கால் முன்புறம் விழுகிறதா என்று கவனியுங்கள். விழுகிறது என்றால், பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து ஆழத்தையும் சற்றுக் குறைத்து, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்திய பின்னரே மீண்டும் இறங்க வேண்டும்.

அடுத்தது தளம். பாலே ஆடுபவர்களுக்கு மீள்தன்மை கொண்ட மரத்தளம் போடுவார்கள். நாங்கள் வெறுங்காலுடன், சீமெந்திலும் மாபிளிலும், ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை நூறு தடவை தட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கணைக்கால் எலும்பின் உட்புறத்தில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் நோவு நிலைத்து நின்றால் அது எலும்பில் நுண்வெடிப்பாகவும் இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். அதுபோலவே முழங்கால் வீங்கினால், மடித்த இடத்தில் இறுகி நின்றுவிட்டால், இரவில் நோவால் விழிப்பு வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

சாப்பாடும் இதோடு சேர்ந்தது. மூன்று மாதமாக மாதவிடாய் வராமல் இருந்தால், "ஆட்டம் கூடிவிட்டது, அதுதான்" என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உடம்புக்குக் கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பு பலப்பட வேண்டிய வயதில் அது மெலிந்துபோகும். விலையுயர்ந்த சத்துமா ஒன்றும் வேண்டாம். குரக்கன் புட்டு, பயறு, முட்டை, நெத்தலி, முருங்கையிலை வறை, வகுப்புக்குப் போகுமுன் ஒரு வாழைப்பழம். மானிப்பாய் அக்கா சொன்ன மாமியின் கதை என் சிகிச்சை அறையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது.

கடைசியாக, அந்த இரகசியம். குருவிடம் ஒளித்த காயம் ஆறாது. அவர் அறியாமல் அதே அடவை நூறு தரம் செய்ய வைத்துக்கொண்டிருப்பார். மகளைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் போய்ச் சொல்லாமல், அவளையே கூட்டிக்கொண்டு போய் அவள் வாயால் சொல்ல வையுங்கள். இன்றைக்கு எது நோகிறது என்று பெரியவர்களுக்கு முன்னால் சொல்லத் தெரியாத பிள்ளை, விடுதியில் தனியே இருக்கும்போது யாரிடம் சொல்லப் போகிறாள்?

ஆடுகாலின் அப்பா எழுதியது:

நான் சுருக்கமாக எழுதுகிறேன். என் மகளைச் சென்னைக்கு அனுப்பிய தகப்பன் நான். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை.

கலாக்ஷேத்திராவில் நான்கு ஆண்டு டிப்ளோமா. அதற்கு மேலே முதுநிலை டிப்ளோமா. முழுநேரப் படிப்பு, நடனத்தோடு பாட்டும் கோட்பாடும் சேர்ந்தது, விடுதி உண்டு. நேரில் போய்த்தான் தேர்வு கொடுக்க வேண்டும் என்பதால், பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பது பெரிய வசதி. வயதெல்லையையும் கல்வித் தகைமையையும் அந்தந்த ஆண்டு அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி நான் ஒரு தடவை விமானச் சீட்டை வீணாக்கினேன். இந்திய அரசின் கலாசார உறவுகளுக்கான மன்றம் வழங்கும் புலமைப்பரிசில்களுக்கும் நேரத்தோடு விண்ணப்பியுங்கள்.

கையில் வருவது டிப்ளோமா, பட்டம் அன்று. அதைக் கொண்டு திரும்பி வந்து இங்கே அரசாங்க ஆசிரியர் சேவைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதைப் போவதற்கு முன்னரே உரிய இடத்தில் கேட்டு, எழுத்தில் பெற்று வைத்திருங்கள். அண்ணர் கேட்ட "ஆடிச் சோறு" கேள்வியில் பாதிக்கு இந்தக் கடிதம் மறுமொழி சொல்லும். நான் அதைச் செய்யவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன்.

பிள்ளை போன முதல் மாதத்தில் ஒவ்வொரு இரவும் அழுதாள். மனைவியும் அழுதாள். நான் வயலுக்குப் போய்விடுவேன். மூன்றாம் மாதம், அவளிடமிருந்து அழைப்பு வராத நாட்கள் வரத் தொடங்கின. அதுவும் ஒரு மாதிரி நோவுதான்.

வடலி (கொக்குவில்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

குதிக்கால் தங்கச்சி சொன்னபடி மகளுக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். இடது முழங்கால் உள்ளே விழுவது எனக்கே தெரிந்தது. பத்து ஆண்டுகள் வகுப்பு வாசலில் குந்தியிருந்தும் இதை ஒருநாளும் பார்க்கவில்லை. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் மூவருமாகக் குருவின் வீட்டுக்குப் போனோம். வெற்றிலை பாக்கும் கொண்டு போனோம். மகள் தானே சொன்னாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது. குரு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் உன் வயதில் இதே முழங்கால்தான்" என்றார். அரங்கேற்றம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. உயர்தரம் முடிந்த பிறகு, கோயில் மண்டபத்தில், சிறிய அளவில் என்று பேசியிருக்கிறோம்; மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வைத்தியசாலையில் காட்டினோம். நல்வேளையாக எலும்பில் ஒன்றும் இல்லை. ஆறு கிழமை ஆழமாக மடிக்கக் கூடாது. இடுப்புக்கும் தொடைக்கும் பயிற்சிகள் தந்திருக்கிறார்கள். அந்த ஆறு கிழமையும் இருந்த இடத்திலேயே தாளம் போட்டுச் சொற்கட்டுச் சொல்லும்படி குரு வேலை கொடுத்திருக்கிறார். மிச்ரசாபுவில் இன்னும் தடுக்கிறது.

பாடத்தெரிவு பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அவளுடைய தந்தை மருதநிழலின் பதிவை இரண்டு தடவை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம் பின்விறாந்தையின் நீளத்தையும் அகலத்தையும் அளவுநாடாவால் அளந்துகொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்கு, சீமெந்துக்கு மேலே பலகைத்தளம் போட்டால் எவ்வளவு முடியும் என்று பார்ப்பதாகச் சொன்னார். பிளைவூட்டை நேரே சீமெந்தில் வைத்தால் போதுமா, அல்லது அடியில் ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று குதிக்கால் தங்கச்சியிடம் கேட்கச் சொன்னார்.

குதிக்கால் எழுதியது:

நேரே வைத்தால் பலனில்லை அக்கா; சீமெந்தில் ஆடுவது போலத்தான் இருக்கும். அடியில் மரச்சட்டங்களைக் கிடையாக அடித்து, அவற்றுக்குக் கீழே அடர்த்தியான இறப்பர்த் துண்டுகளை இடைவெளி விட்டு வைத்து, மேலே பிளைவூட்டைத் திருகாணியால் பூட்டச் சொல்லுங்கள். கால் வைத்தால் தளம் சற்றே அமிழ்ந்து திரும்ப வேண்டும், தளம் இடம்விட்டு அசையக் கூடாது. ஆணி அடிக்க வேண்டாம். தட்டத் தட்ட மேலே கிளம்பிக் காலைக் கிழிக்கும். மழைக்காலத்தில் விறாந்தைக்குத் தூவானம் அடிக்கும் என்றால் சுவரோரமாகக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.